அண்ணை விற்ற காப்புறுதி

பெரிய வருத்தம் வந்து தேறியவர்கள் எழுதுவதை நானும் வாசித்திருக்கிறேன். நோய் தங்களுக்குப் பொறுமையைத் தந்தது, மன்னிக்கப் பழக்கியது என்று முடிப்பார்கள். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. வருத்தம் வருவதற்கு முன் நான் பொறுமையான பெண். இப்போது இல்லை. இதே வருத்தத்தோடு ஒரு காப்புறுதிக் கம்பனியின் வாசலில் நிற்கப்போகிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் இணுவிலில் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓடப் பழக்குகிறவள். என் கணவர் நகுலன் கார் பழக்குவார். எங்களுக்கு இரண்டு கார்களும் மூன்று ஸ்கூட்டிகளும் இருந்தன. வெயில் கொளுத்திய ஒரு சித்திரைப் பகலில், குருநகரிலிருந்து வரும் மெற்றில்டா அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்து பழக்கிக்கொண்டிருந்தேன். அவர் சந்தையில் மீன் விற்பவர். ஐம்பது வயதில் ஸ்கூட்டி ஓட ஆசைப்பட்டு வந்திருந்தார். ஒரு திருப்பத்தில் அவர் பிரேக் பிடிக்க, நான் இடது காலைக் கீழே ஊன்றினேன். ஊன்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கால் நிலத்தில் பட்டதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் புழுதியில் விழுந்தோம்.

"ரீச்சர், நீங்கள் காலை ஊண்டுவியள் எண்டெல்லே நான் நம்பி இருந்தனான்" என்று மெற்றில்டா அக்கா சேலையைத் தட்டிக்கொண்டே பேசினார். என் முகத்தைப் பார்த்ததும் ஓடிவந்து என்னைத் தூக்கினார்.

அந்தக் கிழமையே விறைப்பு பாதத்திலிருந்து முழங்காலுக்கும், அங்கிருந்து இடுப்புக்கும் ஏறியது. ஈரக் காலுறை ஒன்றைக் கழற்றாமலே நாள்முழுக்கத் திரிவதுபோல இருந்தது. தலையைக் குனிந்தால் பிடரியிலிருந்து முதுகு வழியாக மின்சாரம் பாய்வதுபோல ஒரு அதிர்ச்சி ஓடியது. முதலில் பார்த்த டாக்டர் சத்துக்குறைவு என்று விற்றமின் தந்தார். இரண்டாமவர், "வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" என்று நகுலனைப் பார்த்துக்கொண்டு கேட்டார். எனக்கு வந்த முதல் கோபம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவதாகப் போனது ஆஸ்பத்திரியின் நரம்பியல் கிளினிக்குக்கு. விடியவே போய் நம்பர் எடுத்து, மரவாங்கில் மத்தியானம்வரை இருந்தோம். அந்த டாக்டர் என் காலை ஊசியால் குத்திப் பார்த்தார். அதிரும் ஒரு இரும்புக் கவையைக் கணுக்காலில் வைத்து, "அதிர்வு தெரியுதோ?" என்று கேட்டார். தெரியவில்லை. பிறகு பேனையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"முந்தி எப்பவாவது கண் மங்கினதோ?"

மங்கியது. சில வருடங்களுக்கு முன் வலது கண்ணைத் திருப்பினால் நோகும். சிவப்பு நிறம் வெளிறிப்போய்ச் செங்கல் மாதிரித் தெரிந்தது. கண் டாக்டர் ஒருவர் குளிசை தந்தார். சில கிழமைகளில் முழுதாகச் சுகமாகிவிட்டது. இனி ஒன்றுமில்லை, வரத் தேவையில்லை என்றும் சொன்னார். நானும் அதை மறந்துபோனேன். கேட்டபடியால் சொன்னேன். டாக்டர் என் பைலில் அதை எழுதினார். அந்த ஒரு வரி பிறகு என் கழுத்தைப் பிடிக்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எம்.ஆர்.ஐ. எடுக்க ஒரு குழாய்க்குள் படுக்க விட்டார்கள். காதருகே தகரத்தில் அடிப்பதுபோன்ற சத்தம். இன்னொரு நாள் என்னைப் பக்கவாட்டில் சுருண்டு படுக்கச் சொல்லி, முதுகெலும்புக்கு நடுவே ஊசி விட்டு, மூளையையும் முதுகுத் தண்டையும் சுற்றி ஓடும் நீரில் கொஞ்சம் எடுத்தார்கள். நொந்ததைவிடப் பயந்ததுதான் கூட. முடிவுகள் வந்ததும் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார்.

"இதுக்குப் பேர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்புக்கு மேலை ஒரு உறை இருக்கு. கிருமியைத் தாக்க வேண்டிய உங்கடை எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி அந்த உறையைத் தாக்குது. தாக்கின இடத்திலை தழும்பு வரும். உங்களுக்குக் கன இடத்திலை தழும்பு கிடக்கு. அண்டைக்குக் கண்ணிலை வந்ததும் இதின்ரை தொடக்கமாத்தான் இருக்க வேணும்."

"மாறுமோ டொக்டர்?" என்று நகுலன் கேட்டார்.

"முற்றா மாறாது. அடக்கி வைக்கலாம். மருந்தை விடாமல் எடுத்தால் கன காலத்துக்கு நடந்து திரியலாம்."

அவர் இன்னொன்றும் சொன்னார். உடம்பு சூடேறினால் பழுதுபட்ட நரம்பு வேலை செய்யாமல் நிற்கும், குளிர்ந்தால் திரும்பவும் வேலை செய்யும். "வெயிலுக்கை திரியாதையுங்கோ" என்றார். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, வெளியில் நின்று பழக்கிப் பிழைப்பவளிடம் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த நேரம் அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

ஆஸ்பத்திரி வாட்டில் வைத்து, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீரோயிட் மருந்தை நாளுக்கு ஒரு போத்தலாக நாளத்தில் ஏற்றினார்கள். ஏறத் தொடங்கியதும் பழைய ஆணி ஒன்றைச் சூப்புவதுபோல வாய் முழுக்க இரும்புச் சுவை. நித்திரை வராது. பசி மட்டும் விடாது. முகம் ஊதியது. மற்றவர்களில் எரிந்து விழுந்தேன். "அக்கா, இந்தக் கோபம் மருந்தாலை வாறது. நிப்பாட்டினால் போயிடும்" என்று ஒரு தாதி ஆறுதல் சொன்னார். மருந்தை நிறுத்திவிட்டார்கள். கோபம் போகவில்லை.

நகுலன் அதிகம் கதைக்கிற மனிதர் இல்லை. பார்வையாளர் நேரத்தில் வருவார், கட்டிலின் கால்மாட்டில் உட்காருவார், "கண்ணை மூடும்" என்பார். பிறகு என் கால்விரல்களில் ஒன்றைப் பிடிப்பார். எந்த விரல் என்று நான் சொல்ல வேண்டும். முதல்நாள் ஒன்றையும் சரியாகச் சொல்லவில்லை. "பரவாயில்லை" என்பார். வீட்டுக்குப் போகும் நாளன்று பெருவிரலையும் சின்ன விரலையும் சரியாகச் சொன்னேன். அவர் எழுந்து யன்னல் பக்கமாகப் போய் நின்றுகொண்டார்.

மெற்றில்டா அக்கா ஒருநாள் பிளாஸ்கில் மீன் சொதி கொண்டு வந்தார். வாட்டே மணந்தது. "ரீச்சர், கெதியா எழும்புங்கோ. எனக்கு லைசென்ஸ் ரயல் வருகுது. உங்கடை மனுசன்ரை காரிலை ஏறிப் பழக எனக்கு விசரே" என்றார். அந்தக் கிழமை நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

இதுவரை நடந்ததெல்லாம் வருத்தம். வருத்தத்துக்கு முகம் இல்லை. அதோடு எவ்வளவு நேரம் சண்டை பிடிப்பது? இனிச் சொல்லப்போவது மனிதர்களைப் பற்றி.

அடக்கி வைக்கும் மருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டியது. எதிர்ப்புச் சக்தியில் குழப்பம் செய்யும் அணுக்களை அது துடைத்தெடுக்கும். முதல் தடவை ஆஸ்பத்திரியிலேயே கிடைத்தது. இரண்டாம் தடவை நாட்டிலேயே அந்த மருந்து தட்டுப்பாடு. தனியாரிடம் வாங்க வேண்டும். விலையைக் கேட்டபோது நகுலன் கடைக்காரரிடம் இரண்டாம் முறையும் கேட்டார். ஆனாலும் எங்களிடம் காப்புறுதி இருந்தது. அந்தத் துணிவில் ஒரு காரை விற்று மருந்தை ஏற்றிவிட்டு, பற்றுச்சீட்டுகளைக் கம்பனிக்கு அனுப்பினோம். காப்புறுதிக் காசு வந்ததும் வேறு கார் எடுக்கலாம் என்பது எங்கள் கணக்கு.

அந்தக் காப்புறுதியை எனக்கு விற்றவர் என் சொந்த அண்ணை குகதாசன். கொழும்புக் கம்பனி ஒன்றின் யாழ்ப்பாணக் கிளையில் முகவர். வருத்தம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, என் குசினி மேசையில் தேத்தண்ணி குடித்தபடி அவரே கேள்விகளை வாசித்து அவரே பதில்களை நிரப்பினார். உடல்நலம் பற்றிய பகுதி வந்தபோது நான் கேட்டேன்.

"அண்ணை, அந்தக் கண் வருத்தத்தையும் எழுத வேணுமோ?"

"அது மாறின வருத்தமெல்லே. உதையெல்லாம் எழுதினால் கொழும்பிலை இருந்து நூறு கேள்வி வரும். நீ கையெழுத்தை வை பிள்ளை."

வைத்தேன். சொந்த அண்ணையை நம்பாமல் யாரை நம்புவது?

கம்பனியின் பதில் இரண்டு பந்தியில் வந்தது. காப்புறுதி எடுப்பதற்கு முன்னரே இருந்த நோயை மறைத்ததால் காசு தரமுடியாது என்று எழுதியிருந்தார்கள். டாக்டர் என் பைலில் எழுதிய அந்தக் கண் வரியையே மேற்கோள் காட்டியிருந்தார்கள். டாக்டரிடம் உண்மை சொன்னதற்குத் தண்டனை. பொய் சொல்லியிருந்தால் காசு வந்திருக்கும்.

அண்ணைக்குப் போன் எடுத்தேன். "நான் பாக்கிறன், நீ யோசியாதை" என்றார். அடுத்த முறை எடுத்தபோது கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை.

நானே கிளைக்குப் போனேன். நகுலனுக்குச் சொன்னால் மறிப்பார் என்று சொல்லாமல் பஸ்ஸில் போனேன். பஸ்நிலையத்திலிருந்து கிளைக்கு நடக்கிற தூரம்தான். ஆனால் உச்சி வெயில். பாதி வழியிலேயே வலது கண் மங்கியது. இடது கால் இழுபடத் தொடங்கியது. கடைச் சுவர்களைப் பிடித்துப் பிடித்துப் போய், அவர்களுடைய கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் உள்ளே நிலத்தில் இருந்துவிட்டேன். காவலாளி ஓடிவந்து தூக்கிக் கதிரையில் இருத்தினார். முகாமையாளர் வேலையாக இருக்கிறார், காத்திருங்கள் என்றார்கள்.

காத்திருந்தேன். ஏ.சி. காற்று பட்டுக்கொண்டிருந்தது. உடம்பு குளிரக் குளிரக் கண் தெளிந்தது. கால் தன் இடத்துக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் முகாமையாளர் கூப்பிட்டார். நான் எழுந்து நேராக நடந்து அவருடைய அறைக்குள் போனேன்.

"மிஸ்ஸைப் பாத்தால் ஒரு வருத்தமும் தெரியேல்லையே" என்றார் அவர், சந்தோசமான செய்தி சொல்வதுபோல.

நான் வருத்தத்தை விளங்கப்படுத்தினேன். வெயிலையும் சொன்னேன். அவர் தலையாட்டியபடி கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குகதாசன் உங்கடை அண்ணைதானே? அவர் சொன்னவர், கண் விசயம் தனக்கு ஒண்டும் தெரியாதாம். நீங்கள் மறைச்சிருக்கிறியள் எண்டு அவருக்கும் கவலை."

திரும்பி நடக்க முடியாமல், ஓட்டோ ஒன்றில் வீட்டுக்கு வந்தேன். வழிமுழுக்க அந்த வசனத்தைத்தான் எனக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். அவருக்கும் கவலை.

அம்மா அண்ணையோடுதான் இருக்கிறார். செய்தி போய், அடுத்த நாளே வந்துவிட்டார். கையில் கோயில் விபூதி.

"பிள்ளை, அவன் தனக்குத் தெரியும் எண்டு சொன்னால் வேலை போயிடும். அந்த ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளையும் ஆர் பாக்கிறது?"

"எனக்குக் கால் போனால் ஆர் பாக்கிறது அம்மா?"

"உனக்கு நகுலன் இருக்கிறார்தானே."

விபூதியை வாங்கி மேசையில் வைத்தேன். பூசவில்லை. அம்மா அழுதார். நான் அழவில்லை. நகுலன்தான் அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

காப்புறுதிப் பிணக்குகளை விசாரிக்கும் குறைகேள் அதிகாரி ஒருவர் கொழும்பில் இருக்கிறார் என்பதை எனக்குச் சொன்னவர் டாக்டர். அவரே ஒரு கடிதமும் எழுதித் தந்தார். ஒரு கண் ஒருமுறை மங்கியதை மட்டும் வைத்து எந்த டாக்டரும் இந்த நோயின் பெயரைச் சொல்லியிருக்க முடியாது என்பதே அதன் சாரம். முறைப்பாடு அனுப்பினேன். பதில் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்த மாதங்களில் அடுத்த மருந்து நாளும் வந்தது. நல்ல காலம், அந்தமுறை ஆஸ்பத்திரியில் மருந்து இருந்தது. கட்டிலில் படுத்துத் துளித்துளியாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டே விசாரணையில் என்ன சொல்லலாம் என்று மனதுக்குள் வசனம் கட்டினேன். என்னோடு மருந்தேற்றிய மற்றவர்கள் தேவாரம் முணுமுணுத்தார்கள்.

விசாரணைக்கு ரெயிலில் போனோம். நகுலன் ஐஸ் போட்ட பிளாஸ்கில் துவாய்களை நனைத்து வைத்துக்கொண்டு, வழிமுழுக்க ஒன்றை மாற்றி ஒன்றாக என் கழுத்தில் போட்டபடி வந்தார். அண்ணை கம்பனி வாகனத்தில் வந்திருந்தார். புதுச் சேட். என்னைக் கண்டதும் செருப்பைப் பார்த்தார்.

அதிகாரி நரைத்த தலையுள்ள ஒரு பெண். சிங்களத்தில் கேட்டார், பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார். கண் டாக்டர் ஏதாவது நோயின் பெயரைச் சொன்னாரா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். கண் மங்கியதை முகவரிடம் சொன்னீர்களா என்றார். சொன்னேன், எழுதத் தேவையில்லை என்று சொன்னவர் இவர்தான் என்று அண்ணையைக் காட்டினேன். அவர் அண்ணை பக்கம் திரும்பினார். மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் தமிழில் கேட்டார்.

அண்ணை தொண்டையைச் செருமினார். "எனக்கு ஞாபகம் இல்லை" என்றார்.

இல்லை என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு நொந்திராது. துணிந்த பொய்யாவது மிஞ்சியிருக்கும். ஞாபகம் இல்லையாம்.

பக்கத்தில் இருந்த நகுலனின் கை என் முழங்காலில் அழுந்தியது. நான் எழுந்து ஏதாவது செய்துவிடுவேன் என்று பயந்திருப்பார். நான் இருந்தேன். அதிகாரி டாக்டரின் கடிதத்தை இரண்டாம் முறையும் வாசித்தார். பிறகு கம்பனி வக்கீலிடம், கண் டாக்டருக்கே தெரியாத நோயை இந்தப் பெண் எப்படி மறைத்தார் என்று கேட்டார். வக்கீல் நெடுநேரம் கதைத்தார். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

சில கிழமைகளில் தீர்ப்பு வந்தது. கம்பனி காசைக் கொடுக்க வேண்டும். அண்ணை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நான் வென்றது டாக்டரின் கடிதத்தால். அண்ணையின் வேலையும் போகவில்லை. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுதானே, இனி அண்ணையோடை கதையன்" என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். கோபம் இந்த வருத்தத்துக்குக் கூடாதாம். நரம்பைப் பாதிக்குமாம். என் நரம்பில் இவ்வளவு அக்கறை உள்ளவர்கள் எங்கள் சொந்தத்தில் இருக்கிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இப்போது நான் காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும்தான் பழக்குகிறேன். மெற்றில்டா அக்கா இரண்டாம் தரத்தில் ரயல் பாஸ் பண்ணி, மீன்பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் சந்தைக்குப் போகிறார். இடது காலில் விறைப்பு இன்னும் இருக்கிறது. புதிய தழும்பு ஒன்றும் இல்லை என்று கடைசியாக எடுத்த படம் சொல்கிறது.

ஒரு பின்னேரம் அண்ணை வீட்டுக்கு வந்தார். கூடவே கம்பனிச் சட்டை போட்ட ஒரு இளம்பெண், கையில் கமரா. நகுலன் வீட்டில் இல்லை. காசோலையை எனக்குக் கையளிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக் கம்பனியின் முகநூலில் போடப்போவதாக அந்தப் பிள்ளை சொன்னது. தலைப்பும் வைத்திருந்தார்கள். துன்ப வேளையில் துணைநின்ற கரங்கள் என்று ஏதோ.

"படம் எடுக்க ஏலாது. காசு என்ரை காசு. தந்திட்டுப் போங்கோ" என்றேன்.

அந்தப் பிள்ளை முகம் கறுத்து, தான் வெளியே நிற்பதாகச் சொல்லி முற்றத்து முருங்கைக்குக் கீழே போய் நின்றது. அண்ணை கதிரையில் உட்கார்ந்தார். காசோலையோடு புதிய வருடத்துக்கான காப்புறுதிப் பத்திரத்தையும் கொண்டு வந்திருந்தார். எடுத்து வாசித்தேன். நரம்பு மண்டலம், கண், அவற்றோடு தொடர்புடைய எந்த நோய்க்கும் இனிக் காசு இல்லை என்று எழுதியிருந்தது. அப்படிப் பார்த்தால் என்னில் மயிரும் நகமும்தான் மிச்சம். காசோலையை எடுத்துக்கொண்டு பத்திரத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

அண்ணை வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, நீ அண்டைக்குச் சொன்னனீ தான். கண் விசயம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவருடைய கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை. ஒரு நிமிடம் எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த அண்ணை அந்தக் கதிரையில் இருந்தார்.

"இதை எனக்கு ஏன் சொல்லுறியள் அண்ணை? எனக்குத் தெரியாததே? அந்தப் பிள்ளையை உள்ளுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கோ."

அவர் முற்றத்தைப் பார்த்தார். ஒரு குரல் கொடுத்தால் கேட்கிற தூரத்தில்தான் அந்தப் பிள்ளை நின்றது. நான் நின்று பார்த்தேன். நேரம் கொடுத்தேன். அவர் கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். கூப்பிடவில்லை.

"எனக்கு வகுப்பு இருக்கு" என்று சொல்லி ஸ்கூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். முருங்கைக்குக் கீழே நின்ற பிள்ளை இன்னும் நம்பிக்கை விடாமல் கேட்டது.

"அக்கா, ஒரேயொரு படம்?"

"அவர் உள்ளுக்கை இருக்கிறார்" என்றேன். "அவரை எடுங்கோ."